மருந்தாளருக்குரிய ஸ்தானம்

நடுக்குவாதம் என்னும் பார்க்கின்ஸன் வியாதிக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, அதைக் கொடுக்கும் வேளையும் அவ்வளவு முக்கியம். லெவோடோபா வேளை தவறினால் நோயாளியின் அங்கங்கள் விறைத்துப்போம், விழுங்குவதும் அரிதாகலாம். வாந்தியை நிறுத்த வழங்கும் மெடோகுளோபிரமைடோ இவ்வியாதியின் உபத்திரவங்களை அதிகப்படுத்தும். பல அலுவல்களினிடையே வைத்தியரும் நர்ஸும் இவற்றைக் கவனியாது விடக்கூடும். மருந்துச் சீட்டுகள் யாவற்றையும் ஒப்புநோக்கித் தவற்றைத் தடுப்பதற்கென்றே பயின்றவர் மருந்தாளர்.

ஆஸ்பத்திரியிலுள்ள நோயாளிக்குக் குறித்த வேளையிலிருந்து அரைமணிக்குள் லெவோடோபா கிடைக்கவேண்டுமென்று இங்கிலாந்தில் 2018-ல் நிர்ணயித்தார்கள். நம் தேசத்தில் 2008 முதல் ஆறு வருஷப் பார்ம்.டி. படிப்பு இருந்துவருகிறது. அதில் தேறியவர்களும் மாத்திரை எண்ணிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் தேசத்திற்கு என்ன லாபம்? சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் வைத்தியருடன் நோயாளியின் படுக்கையருகே அவர்களுக்கும் ஸ்தானம் அளிக்குமாறு சட்டசபை அங்கத்தினர்கள் வற்புறுத்துவார்களென நம்புகிறோம்.