பழைய பதிவேட்டில் புதிய சரக்கு

தேங்கிய சரக்கை எப்படித் தள்ளுவது என்ற கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனிக்கும் அது வந்தது. 1955 முதல் 1957 வரை மூன்று ஆண்டும் லெமான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது அவர்களுடைய டி-டைப் கார். ஆனாலும் 1956 முடிவில் கம்பெனி தன் சார்பில் பந்தயத்தில் இறங்குவதை நிறுத்திவிட்டது. விற்காமல் நின்ற 25 கார்களுக்கு முன்கண்ணாடியும், இரண்டாவது கதவும், பம்பரும் வைத்து, சாலையில் ஓட்டும் காராக மாற்றி 'எக்ஸ்.கே.எஸ்.எஸ்.' என்று பெயர் சூட்டினார்கள். நல்ல வியாபார மூளைதான்!

ஆனால் 1957 பிப்ரவரி 12 அன்று கவென்ட்ரி தொழிற்சாலையில் தீப்பிடித்து ஒன்பது கார்கள் சாம்பலாயின. பதினாறுதான் மிஞ்சின.

2008-ல் கம்பெனி டாடாவின் கைக்கு வந்தது. எரிந்த ஒன்பதுக்கும் ஈடாகப் புதிதாக ஒன்பது செய்வதாக 2016-ல் அறிவித்தார்கள். பழைய கார்களை அளந்து, மெக்னீசியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கும் வேலை. ஒரு காருக்குச் சுமார் 10,000 மணி நேரம் என்று கணக்கு. விலை 10 லட்சம் பவுண்டுக்கு மேல். சேசிஸ் எண்ணும் பழைய பதிவேட்டின் தொடர்ச்சியாகவே வழங்கப்பட்டது.

இதைப் போலி என்று தள்ள நாம் தயாரில்லை. செய்தவரே மறுபடி செய்கிறார், ஒளிக்காமல் சொல்லியும் விற்கிறார். வாங்கியவர் ஏமாறவில்லை. ஆனால் அந்தப் பழைய எண் வரிசை நமக்கு உறுத்துகிறது. பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் விலை வேறு என்பது நமக்குத் தெரியாததா? நல்ல புது அரிசியாகவே இருக்கட்டும், பழைய அரிசி மூட்டையில் கொட்டி அடுக்கினால் பேச்சு வேறு. முதல் கடைக்காரர் சொல்லி விற்பார். அவரிடம் வாங்கியவர் அடுத்தவருக்கும் சொல்வாரா?

அரைக் கிலோ மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கே தயாரித்த மாதமும் வருடமும் அச்சிடச் சொல்கிறது நம் நாட்டுச் சட்டம். கோடி ரூபாய் காரின் சேசிஸ் தகட்டிலும், எண்ணுக்குப் பக்கத்தில், செய்த வருடத்தை அழியாதபடி வெட்டிவிடலாம். கார் ஐம்பது வருடத்தில் நாலு கை மாறும். பில் அதுவரை பத்திரமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.