சாமுராய்ப் படங்களில் உழவன் எங்கே?

யப்பானிய நிலமானிய காலத்தைக் களமாகக் கொண்ட சித்திரப்படங்களில் ஒரு வகை இன்று மாணவரிடையே பெருமதிப்புப் பெற்றுள்ளது. இருளும் குருதியும் மிகுந்த சாமுராய், நிஞ்சாப் படங்களையே குறிப்பிடுகின்றேன். இவற்றை எதிர்ப்போர், வெட்டுண்ட கைகளையும் சரிந்த குடல்களையும் கண்டு பதறி, பிள்ளைகள் கெட்டுவிடுவர் என ஓலமிடுகின்றனர். போற்றுவோர், வீரம் பற்றிய பழைய பொய்களை இப்படங்கள் கிழித்தெறிகின்றன என்றும், வரலாற்றின் கொடுமையை ஒளிக்காமற் காட்டுகின்றன என்றும் வாதிக்கின்றனர். முதற் சாராரின் கூச்சலைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கொடிய சமுதாயமொன்றைக் கொடுமையின்றிக் காட்டுவது எவ்வாறு? இரண்டாஞ் சாராரின் கூற்றே ஆராயத்தக்கது. அது பாதி உண்மையாதலின் முழுப் பொய்யிலும் பார்க்க ஆபத்தானது.

அக்காலத்து யப்பானில் செல்வம் அரிசியால் அளக்கப்பட்டது. ஒருவன் ஓராண்டுக்கு உண்ணும் அரிசி, ஏறத்தாழ 150 கிலோ, ஒரு கொக்கு எனப்பட்டது. பத்தாயிரம் கொக்கு விளையும் நிலத்தை ஆண்டவனே தைமியோ என்னும் பிரபு. சாமுராயின் சம்பளமும் அரிசியே. உழவன் விளைச்சலில் நூற்றுக்கு நாற்பதோ ஐம்பதோ வரியாக அளந்தான். 1588இல் ஹிதெயோஷி உழவரின் வாள்களைப் பறிமுதல் செய்யக் கட்டளையிட்டான். வாள் ஒரு வர்க்கத்தின் தனியுடைமையானது அதன் பின்னரே. (சாமுராய் அறத்தை உலகெங்கும் பரப்பிய நித்தோபேயின் 'புஷிதோ' என்னும் நூல், சாமுராய் வர்க்கமே ஒழிக்கப்பட்ட பின், 1900ஆம் ஆண்டளவில், அந்நியர் படிப்பதற்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.) இந்த அரிசிக் கணக்கை விடுத்து வாளைப் பற்றி எதனைச் சொன்னாலும் அது அரைக்கதையே.

இக்கணக்கை அறியாதவர்களால் இவ்வகைக் கதைகள் தொடக்கிவைக்கப்படவில்லை. பாட்டாளி வர்க்க ஓவியரான ஒகமோத்தோ தோக்கியின் மகன் ஷிராத்தோ சன்பெய், 1959 முதல் 1962 வரை 'நிஞ்சா புகெய்ச்சோ' என்னும் சித்திரக்கதையை வரைந்தார். வாடகை நூற்கடைகளில் ஏழைத் தொழிலாளர் வாங்கிப் படித்த மலிவுப் பதிப்பு அது. உழவர் கிளர்ச்சிகளே அதன் பொருள். தலைகள் உருளுகின்றன, உடல்கள் கிழிகின்றன, ஆயினும் ஒவ்வொரு துளிக் குருதிக்கும் காரணம் காட்டப்படுகிறது. 1964இல் தோன்றிய 'காரோ' சஞ்சிகையில் அவர் தொடங்கிய 'கமுய் தென்' 1971 வரை தொடர்ந்தது. அதன் நாயகன் கமுய், 'மனிதரல்லாதார்' எனப் பெயரிட்டு ஒதுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவன். சாதியின் கொடுமை இன்னதென நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு நிகராக ஷோசுக்கே என்னும் பண்ணையாளும் அக்கதையில் வளர்கிறான். பயிர் விளைவிப்பதும், வரி அளப்பதும், வரி அளக்க மறுப்பதும் அங்கு வாட்போருக்குச் சமமான நிகழ்ச்சிகள். பல்கலைக்கழக மாணவர் அதனைப் போற்றிப் படித்தனர். இயக்குநர் ஓஷிமா நகிசா 1967இல் 'நிஞ்சா புகெய்ச்சோ'வின் சித்திரங்களையே நேரடியாகப் படம்பிடித்து முழுநீளத் திரைப்படமாக்கினார்.

பின்னர் நிகழ்ந்ததென்ன? 1969இல் தொலைக்காட்சிக்குக் கமுய் வந்தபோது, உழவர் போராட்டம் நிறைந்த பெருங்கதையை எடுத்துக்கொள்ளவில்லை. தப்பியோடும் நிஞ்சாவின் தனிமையைச் சொல்லும் கிளைக்கதையையே எடுத்தனர். வாள் சின்னத்திரைக்கு வந்தது. வயல் நூலிலேயே நின்றுவிட்டது.

உலகெங்கும் புகழ்பெற்ற 'நிஞ்சா ஸ்குரோல்' என்னும் 1993ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள். இயக்கியவர் கவாஜிரி யோஷியாக்கி. கைத்திறனில் அவருக்கு ஈடு கூறுதல் அரிது. அதில் ஒரு கிராமம் முழுவதும் நஞ்சிட்டுக் கொல்லப்படுகிறது. கள்ளப் பொன்னை எவருங் காணாது கொண்டுசெல்வதற்காக! எத்துணை ஆழமான தொடக்கம்! ஆனால் மாண்டவருள் ஒருவரையும் நாம் அறிவதில்லை. அவர்கள் பிணங்களாக இருக்கவே பிறந்தவர்கள் போலும். கதை உடனே மாய வல்லமை படைத்த எண்வரை ஒருவர்பின் ஒருவராக வெட்டிச் சாய்க்கும் விளையாட்டுக்குத் தாவிவிடுகிறது. ககேரோ என்னும் பெண்ணோ இன்னும் பரிதாபத்துக்குரியவள். எசமானின் உணவை முன்னர் உண்டு நஞ்சு சோதிப்பது அவள் தொழில். அதனால் அவளுடலே நஞ்சாகிவிட்டது. அடிமை உழைப்பு மனிதவுடலை என்ன செய்யும் என்பதற்கு இதனிலும் கூரிய உருவகம் வேண்டுமா? இயக்குநர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்? அவள்மீது நிகழும் பாலியற் கொடுமையை நின்று, நிதானித்து, இரசிகனுக்கு விருந்தாக்குகிறார். இதனைத் துணிவான யதார்த்தம் என்பவர் யதார்த்தம் என்னும் சொல்லை முதலிற் கற்கட்டும்.

அதனிலும் இழிந்தது 1998இல் வந்த 'நிஞ்சா ரெசரெக்ஷன்'. 1637இல் ஷிமபாராவிலும் அமக்குசாவிலும் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கோட்டை கட்டுவதற்காகக் கொடுவரி விதித்த மத்சுகுரா குடும்பமும், கிறித்தவர்மீது ஏவப்பட்ட அடக்குமுறையும் அதற்குக் காரணம். ஹாரா கோட்டையில் ஏறத்தாழ 37,000 பேர், பெண்களும் பிள்ளைகளுமாக, பல மாதம் முற்றுகையைத் தாங்கினர். 1638இல் கோட்டை வீழ்ந்தபோது அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். இப்பேரவலத்தைப் படம் என்ன செய்தது? கிளர்ச்சியின் இளந்தலைவன் அமக்குசா ஷிரோவைச் சாத்தானாக்கியது! அவனைக் கொல்ல ஷோகுனின் ஆட்சி அனுப்பும் வாள்வீரன் நாயகன். பட்டினி கிடந்தவன் பேய். வரி பறித்தவனின் ஏவலாள் மீட்பன். வென்ற ஆட்சியாளரின் தீர்ப்பையே முன்னூற்றறுபது ஆண்டுகளின் பின் வண்ணந்தீட்டி விற்றார்கள். இங்கு குருதி வரலாற்றை மறைக்கும் திரையாகப் பயன்பட்டிருக்கிறது.

எல்லாப் படங்களையும் ஒரே கழியால் அடிப்பது நியாயமன்று. 2007இல் வெளிவந்த 'ஷிகுருய்' பொருளியல் அறிஞரான நன்ஜோ நோரியோ 1956இல் வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்தது. 1629இல் சுருகாக் கோட்டையில், பிரபு தாதநாகாவின் களிப்புக்காக, கையிழந்த ஒருவனும் கண்ணிழந்த ஒருவனும் மெய்வாள் கொண்டு மோத நிறுத்தப்படுகின்றனர். வாட்கலை ஆசான் தன் மகளை வாரிசு பெறும் பாத்திரமாகவே மதிக்கிறான். சீடர்கள் வாய்மூடிக் கீழ்ப்படிகின்றனர். சாமுராய் அறம் என்பது மேலோனின் வெறிக்குக் கீழோன் தலைகொடுப்பதே என்பதை இத்துணை ஈவிரக்கமின்றிக் காட்டிய படங்கள் சிலவே. 2005இல் வந்த 'பசிலிஸ்க்' படத்திலும், ஷோகுன் பதவிக்கு எந்தப் பேரன் உரியவன் என்று தீர்மானிக்க, இரு நிஞ்சாக் குலங்கள் பத்துப் பத்துப் பேராக ஒருவரையொருவர் கொன்றொழிக்கின்றன. மூலநாவலை எழுதிய யமடா பூத்தாரோ, உலகப்போரில் சாவுக்கு அனுப்பப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அந்தக் கசப்பு படத்திலும் எஞ்சியிருக்கிறது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சுருகா ஐந்து இலட்சம் கொக்கு அளவிலான நிலம். ஐந்து இலட்சம் பேரின் ஓராண்டு உணவு. தாதநாகாவின் பித்து அந்த அரிசியின்மேல் அமர்ந்திருந்தது. 'ஷிகுருய்' கோட்டை மதிலுக்கு வெளியே இறங்கி அந்த வயல்களைப் பார்ப்பதேயில்லை. ஆகவே அங்குள்ள கொடுமை மனிதப் பிறவியின் இயல்பு போலத் தோன்றுகிறது. மாற்றக்கூடிய ஓர் அமைப்பின் விளைவாகத் தோன்றவில்லை. மாணவன் மனத்தில் எஞ்சுவது சினம் அன்று, விரக்தி.

வேறு வழியில்லை என்று சொல்லவும் முடியாது. தெசுக்கா ஒசாமுவின் 'தொரோரோ' 2019இல் மீண்டும் படமாக்கப்பட்டபோது, நாட்டின் செழிப்புக்காகப் பெற்ற மகனின் உடலுறுப்புகளையே பேய்களுக்கு விற்ற பிரபுவைக் கண்டோம். அவனுக்கு எதிர்நிலையில், சாமுராய்களைத் தாக்கிய உழவர் கூட்டத்தில் பிறந்த அநாதைப் பிள்ளை தொரோரோ நிற்கிறது. யாருடைய ஊனத்தின்மேல் யாருடைய செழிப்பு என்ற வினா அங்கு நேராகவே கேட்கப்படுகிறது.

தொக்குகாவா காலத்து உழவர், பிரபுவுக்கு முறையீடு எழுதும்போது பெயர்களை வரிசையாக எழுதாமல், விரித்த குடையின் கம்பிகளைப் போல வட்டமாக எழுதினர். முதற்பெயர் எதுவெனத் தெரிந்தால் அவன் தலை போய்விடும். இரவில், மங்கிய விளக்கொளியில், அந்த வட்டத்தின் முன் தூரிகையுடன் ஒரு கிராமம் அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒருவன் தயங்குகிறான், ஒருவன் தன் அயலவனை ஐயுறுகிறான், ஒருவனுக்கு எழுத்துத் தெரியாது. 'நிஞ்சா ஸ்குரோல்' படத்தையும் 'ஷிகுருய்' படத்தையும் உருவாக்கிய மட்ஹவுஸ் கலைக்கூடத்தின் ஓவியர் இதனை வரையத் திறனற்றவர் அல்லர்.