பதினாலு வயசுக்குத் தமிழில் என்ன இருக்கு?

போன மே மாசக் கடைசி. மெமோரியல் டே வார இறுதி, மூணு நாள் லீவு. எங்கள் ஊர் நூலகத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். சனி காலையிலிருந்து திங்கள் இரவு வரை மொத்தம் எத்தனை மணி நேரம் படிக்கிறாய் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். நிபந்தனை ஒன்றுதான், படிப்பது 'யங் அடல்ட்' நாவலாக இருக்க வேண்டும். அதாவது கதையின் நாயகனுக்கோ நாயகிக்கோ 13லிருந்து 18க்குள் வயசு, கதையும் அவர்கள் கண் வழியாகவே நகர வேண்டும். பெற்றோரும் கூடச் சேரலாம்.

மகளுக்குப் பதினாலு வயசு. "அப்பா, நீங்களும் சேருங்க. ஆனா தமிழ்ல மட்டும்தான் படிக்கணும், அதே ரூல்" என்றாள். மூணு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறவனிடம் இப்படி ஒரு சவாலா என்று ஆபீஸ் ஆணிகளை எல்லாம் தூரப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெற்றி நமதே என்ற நினைப்பு :-)

அலமாரி முன்னால் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு பக்கம் தெனாலிராமன், பீர்பால், முல்லா, பஞ்சதந்திரம். இன்னொரு பக்கம் பொன்னியின் செல்வன், ஜெயகாந்தன், அசோகமித்திரன். நடுவில்? சுவர்தான்.

தேடிப் பிடித்ததில் இரண்டு கிடைத்தன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை', 2023ல் அதே விருது. இரண்டுமே நல்ல புத்தகங்கள். குழந்தையின் உடம்பைத் தொடுகிறவனைப் பற்றிக் குழந்தைக்கே தமிழில் சொல்ல ஒருவர் துணிந்தாரே என்று பாலபாரதிக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அவை பத்து, பன்னிரண்டு வயசுக்கானவை. மெல்லிய புத்தகங்கள், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டும் முடிந்துவிட்டன. அதற்கப்புறம் என் தாளில் எழுத ஒன்றுமில்லை. மகள் பத்தொன்பது மணி நேரம். நான் மூணு.

தங்கமணி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இனி கொஞ்சம் கொசுவத்தி. எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், பஸ்ஸில் போர்டு மலையாளம். ஊரில் ஒரு வாயனசாலை இருந்தது. கேரளத்தில் அது இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். பி. என். பணிக்கர் 1945ல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் அப்படி வேர் விட்டிருக்கிறது. அவர் இறந்த ஜூன் 19ஐத்தான் அங்கே வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் வாயனசாலையில் மலையாளப் புத்தகங்கள் சுவர் முழுக்க. தமிழுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டில் திருக்குறள் உரை மட்டும் மூணு விதமாக இருந்ததாக நினைவு.

என் சித்தப்பா பையனும் நானும் ஒரே வகுப்பு. பதிமூணு, பதினாலு வயசில் அவன் அந்த மலையாளச் சுவரில் ஏற ஆரம்பித்தான். முட்டத்து வர்க்கியின் 'ஒரு குடையும் குஞ்ஞுபெங்ஙளும்', அப்புறம் பஷீரின் 'பால்யகாலசகி', அப்புறம் எம். டி. நான் நாட்டுக்கல், கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிக்குப் போகிற பஸ் பிடித்து முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வாங்கி வருவேன். கூடவே தமிழ்வாணனின் சங்கர்லால், வாண்டுமாமா, பிறகு சுஜாதாவின் கணேஷ்-வசந்த். அப்பா கண்ணில் பட்டால் அடுப்புக்குப் போய்விடும் என்பதால் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். இன்றைக்கு அவன் என்னைவிட நல்ல வாசகன். ஆனால் தமிழில் ஒரு பக்கம் படிக்க மாட்டான். மலையாளம் அவனைத் திருடிக்கொண்டு போகவில்லை. அந்த வயசில் அவனுக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை, அவர்களிடம் இருந்தது. அவ்வளவுதான்.

"நாங்கள் எல்லாம் இந்த யங் அடல்ட் கண்றாவி இல்லாமலா வளர்ந்தோம்?" என்று கேட்கிற நண்பர்களே, இல்லாமல் வளரவில்லை. இரும்புக்கை மாயாவியும் சங்கர்லாலும்தான் நமக்கு அது. யாரும் அதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பதினாலு வயசில் நம் கையைப் பிடித்துத் தமிழுக்குள் இருக்க வைத்தது அதுதான். லயன்-முத்து காமிக்ஸ் இன்னும் வருகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நரைத்த தலை. கடைக்குப் புதுப் பையன்கள் வரவில்லை என்றால் குற்றம் பையன்கள் மேலா?

இங்கே தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஏறுகிறவர் எவரும் ஒரே புலம்பல்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை." எதைப் படிக்க வேண்டும் ஐயா? காக்கா-நரி முடிந்ததும் நேரே ஐந்து பாகம் சோழர் கதையில் குதிக்க வேண்டுமா? போட்டி என்று நாம் வைப்பது குறள் ஒப்புவித்தல். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குக் கோப்பை கொடுக்கிறோம். கதை படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்த பிள்ளைக்கு என்ன கொடுத்திருக்கிறோம்?

படிக்கிற ஆசை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மூணாறுக்கு அப்பால் இடமலக்குடி என்று ஒரு காட்டுப் பஞ்சாயத்து, முதுவர்கள் வாழ்கிற இடம். அங்கே சின்னத்தம்பி என்ற பெரியவர் டீக்கடையில் வைத்திருந்த நூலகத்தைப் பற்றி 2014ல் பி. சாய்நாத் எழுதினார். மொத்தம் 160 புத்தகங்கள். காட்டுவழி நடந்து வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள், அதில் சிலப்பதிகாரமும் உண்டு. மலையாள மொழிபெயர்ப்பில்! முதுவர் பேச்சு தமிழுக்கு எத்தனை கிட்டே என்பது தெரிந்தவர்களுக்கு இது எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு ராத்திரி, போட்டியில் தோற்ற பிறகு, மகள் முடித்து வைத்திருந்த 'தி அவுட்சைடர்ஸ்' எடுத்தேன். எஸ். ஈ. ஹின்டன் பதினைந்து வயசில் எழுத ஆரம்பித்தது, 1967ல் வந்தது. கதை சொல்கிற பையனுக்குப் பதினாலு. அம்மா அப்பா இல்லை, அண்ணன்மார்தான் வளர்க்கிறார்கள். வசதி உள்ள பையன்களுக்கும் இல்லாத பையன்களுக்கும் சண்டை, சாவு. கடைசிப் பக்கம் வரை எந்தப் பெரியவரும் உள்ளே வந்து நீதி சொல்லவில்லை. நம் சிறுவர் கதைகளில் ஒரு தாத்தா இல்லாமல் முடியுமா? காதல் கூடாது, கோபம் கூடாது, சாதி கூடவே கூடாது. இத்தனையும் அந்தப் பிள்ளைகளின் வகுப்பறையில் இருக்கிறது, புத்தகத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

படித்துவிட்டுத் தங்கமணியிடம் சொன்னேன். அவள் மூணாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். பதினாலு வயசில் அவள் படித்தது, அவள் அப்பா போடியிலிருந்து வாங்கி வந்த பழைய ராணிமுத்து. "எல்லாக் கதையிலும் கல்யாணம் ஆன பொம்பளைங்கதான். என் வயசு ஒருத்திகூட இல்லை" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து பெட்டிமுடி பற்றிப் பேசினாள். 2020 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கி லயங்களை மூடியது, செத்தவர்கள் 70 பேர். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2015 செப்டம்பரில், அதே மலையில் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் யூனியன்காரர்களையே ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள், பெம்பிளை ஒருமை. அந்த அம்மாக்களின் பின்னால் நின்றிருந்த பதினைந்து வயசுப் பெண் அன்றைக்கு என்ன நினைத்தாள்? அவள் சொல்கிற மாதிரி ஒரு இருநூறு பக்க நாவல் என் கைக்கு இதுவரை வரவில்லை. வந்தால் என் மகள் படிப்பாள், மெதுவாக, எழுத்துக் கூட்டியாவது. அவள் அம்மாவின் கதை அது.

காசு இல்லை என்று சொல்ல முடியாது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம், 2018ல் இலக்கைத் தொட்டோம். நானும் கொடுத்தேன், வருத்தமில்லை. அதில் நூறில் ஒரு பங்கு, 60 ஆயிரம் டாலர், பத்து எழுத்தாளர்களுக்கு ஆளுக்கு ஒரு வருஷம் நாவல் எழுத நேரம் வாங்கித் தரும். மூணாறு, சித்தூர், யாழ்ப்பாணம், டொரண்டோ, எங்கிருந்தாவது. ஒரே நிபந்தனை, தாத்தா வரக் கூடாது.

அடுத்தது செப்டம்பரில் லேபர் டே வார இறுதி. மகள் இப்போதே லிஸ்ட் கேட்கிறாள். இதுவரை ஒரு பெயர் எழுதியிருக்கிறேன்: விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025 பால சாகித்ய புரஸ்கார். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இருபது மணி நேரத்துக்குப் புத்தகம் வேண்டும்.