கம்ப்ரசர் எந்தக் காத்தைக் குடிக்குது?

மக்களே, தெர்மல் லேப்ல இருக்கிற ஏர் கம்ப்ரசரை எல்லாரும் ஓட்டியிருப்பீங்க. மேனோமீட்டர் ரீடிங் எடுத்து, வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி கண்டுபிடிச்சு, கிராஃப் போட்டு, ரெக்கார்டுல கையெழுத்தும் வாங்கியாச்சு. ஐசோதெர்மல் எஃபிஷியன்சி பத்தி வைவால கேட்டா தூக்கத்திலயும் சொல்லுவோம். ஆனா அந்த மெஷின் லாரியில வந்து இறங்கின அன்னைக்கு யார் சரிபார்த்து வாங்கினாங்க, எதுல கொக்கி மாட்டித் தூக்கினாங்க, இந்த மூலையிலதான் வைக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? நாலு வருஷத்துல இந்தக் கேள்வியை யாரும் நம்மகிட்ட கேட்கல.

ஒரு கம்ப்ரசர் ஆளைக் காப்பாத்துமா கவுக்குமாங்கிறதுல பாதி அந்த முதல் நாளிலேயே முடிவாகிடுதுங்கிறது என் கட்சி. இதுக்கு ஆதாரம் தேடி ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். நம்ம கடலிலேயே இருக்கு.

எங்க ஊர் காயல்பட்டினம். முத்து வியாபாரத்துல பேர் வாங்கின கரை. தூத்துக்குடியில முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு, ஆனா சங்குகுளி இன்னும் நடக்குது. திரேஸ்புரத்துல இருந்து படகுல போய் முங்கி எடுக்கிற சங்குதான் வங்காளம் வரைக்கும் போய் கல்யாணமான பெண்கள் கையில வளையலா ஏறுது. அந்தக் காலத்துல கல்லைக் கட்டிக்கிட்டு ஒரே மூச்சுல இறங்குவாங்க. மூச்சு முடிஞ்சா வேலையும் முடிஞ்சது, மேல வந்துதான் ஆகணும். இப்போ படகுல ஒரு கம்ப்ரசர். அதை எஞ்சின் சுத்துது. அதுல இருந்து நீளமா ஒரு டியூப் கடலுக்குள்ள போகுது, மறுமுனை ஒரு மனுஷன் வாயில இருக்கு.

நாம டயருக்குக் காத்து அடிக்கிற, பெயின்ட் அடிக்கிற அதே வகை மெஷின். சுவாசிக்கிற காத்துக்கு இது ஆகாதுன்னு தொழிற்சாலைக் கம்ப்ரசர்களோட மேனுவல்லயே எச்சரிக்கை இருக்கும். காரணம் ரொம்ப சிம்பிள். தனக்குப் பக்கத்துல எந்தக் காத்து இருக்கோ அதைத்தான் கம்ப்ரசர் குடிக்கும். இன்லெட் ஃபில்டருக்கு நாலடி தள்ளி டீசல் எஞ்சின் சைலன்சர் இருந்தா, புகையையும் சேர்த்துத்தான் குடிக்கும். அந்த ஃபில்டர் தூசியைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். ஆழம் போகப் போக இன்னும் மோசம். 10 மீட்டருக்கு ஒரு பார் கூடும், அப்போ 20 மீட்டர்ல மொத்த அழுத்தம் 3 பார். மேல 100 பிபிஎம்னு அளந்த மோனாக்சைடு, கீழ இருக்கிறவன் உடம்புல 300 பிபிஎம் மாதிரி வேலை செய்யும். சுவாசக் காத்துக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12021 அனுமதிக்கிறது வெறும் 5 பிபிஎம். படகுல இருக்கிறவனுக்கு லேசாத் தலைவலி வர்றதுக்குள்ள கீழ இருக்கிறவன் மயங்கிடலாம். தண்ணிக்கடியில மயக்கம்னா என்னன்னு சொல்லத் தேவையில்ல.

கம்ப்ரசர் ஒழுங்கா ஓடினாலும் இன்னொரு ஆபத்து இருக்கு. ஒரு மூச்சுங்கிற கடிகாரத்தை அது கழட்டிடுச்சு. மணிக்கணக்கா கீழ இருக்க முடியுது, நைட்ரஜன் உடம்புல சேருது, சட்டுன்னு மேல வந்தா குமிழியா மாறி மூட்டையும் முதுகுத்தண்டையும் பதம் பார்க்குது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நான் பேச வந்தது இடம் பத்தி.

நங்கூரம் போட்ட படகு பொதுவா காத்தைப் பார்த்துத்தான் முகம் திருப்பி நிக்கும். அப்போ இன்லெட்டை ஒரு பைப் போட்டு அணியத்துப் பக்கம் உயரமாக் கொண்டுபோய், எஞ்சின் புகையைப் பின்பக்கம் விட்டா, பெரும்பாலான நேரம் நல்ல காத்து கிடைக்கும். நீரோட்டம் பலமா இருந்தா படகு குறுக்க நிக்கும், கச்சான் வாடையா மாறும். அதனால மேல ஒருத்தர் கண்காணிச்சே ஆகணும். ஆனாலும் சில நூறு ரூபா பைப்புக்கு இவ்வளவு பலன் தர்ற வேற டிசைன் மாற்றம் எனக்குத் தெரியல. இதோட எஞ்சின் திடீர்னு நின்னா ஆள் மேல வர்ற வரைக்கும் தாங்குற ரிசர்வ் டேங்க், டியூப் அறுந்தா காத்து திரும்பி ஓடாம இருக்க டைவர் பக்கம் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. இதெல்லாம் போட்டாலும் அது சுவாசக் கம்ப்ரசர் ஆகிடாது. ஆனா 'இதைப் பயன்படுத்தாதீங்க'ன்னு சொல்லிட்டு ஏசி ரூமுக்குத் திரும்புற இன்ஜினியரை விட, பைப் போட்டுக் குடுக்கிறவர் மேல்.

கரைக்கு வருவோம். எங்க தெருப்பக்கம் டயர் கடை வச்சிருக்கிற காக்காகிட்ட (எங்க ஊர்ல மூத்தவங்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) டேங்க்ல தண்ணி வடிப்பீங்களான்னு கேட்டேன். "காத்துதானே தம்பி அடைக்கிறோம், தண்ணி எங்கேர்ந்து வரும்?"னார். நியாயமான கேள்வி, கணக்கு போட்டுப் பாருங்க. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள கடற்கரைக் காத்து ஒரு கன மீட்டர்ல சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். நிமிஷத்துக்கு 1 கன மீட்டர் இழுக்கிற மெஷின் 8 மணி நேரம் ஓடினா 480 கன மீட்டர், அதாவது பதினொன்றரை லிட்டர் தண்ணி உள்ள போகுது. 7 பாருக்கு அமுக்கி 35 டிகிரிக்கு ஆறவிட்டா, அந்தக் காத்தால ரெண்டரை லிட்டருக்கு மேல ஆவியா வச்சுக்க முடியாது. மிச்சம் 9 லிட்டர் டேங்க்லயும் பைப்லயும் நிக்கும். டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டேங்க்கோட ஒரு மூடியில 7 பார் அழுத்தம் தள்ளுற விசை கிட்டத்தட்ட 20 டன். அதைத் தாங்குற தகடு தினமும் கொஞ்சம் மெலிஞ்சுக்கிட்டே வருது.

காக்கா கடையில டிரெயின் வால்வு சுவரைப் பார்த்து இருந்துச்சு. கையே போகாது. தினமும் வடிக்கணும்னு எத்தனை போர்டு மாட்டினாலும் நடக்காது. வச்ச அன்னைக்கே திருப்பி வச்சிருந்தா ஒரு செலவும் இல்ல.

இன்பிளான்ட் டிரெய்னிங் போன ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) புது ஸ்க்ரூ கம்ப்ரசர் வந்து இறங்கினதைப் பார்த்தேன். லாரி டிரைவருக்கு அவசரம். பெட்டியோட ஒரு மூலை நசுங்கியிருந்துச்சு, யாரும் திறந்து பார்க்கல, லாரி ரசீதுல 'நல்ல நிலையில் பெற்றோம்'னு கையெழுத்து விழுந்துடுச்சு. சேதத்தை அந்த ரசீதிலயே எழுதி, போட்டோ எடுத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். அப்புறம் ஹைட்ரா வந்துச்சு. லிஃப்டிங் லக் இருக்க, கொக்கியை டெலிவரி பைப்ல மாட்டப் போனாங்க. ஒரு வயசான ஃபிட்டர் அண்ணன் சத்தம் போட்டு நிறுத்தினார். அவர் லீவுல இருந்திருந்தா?

கனெக்ஷன் குடுக்கும்போதும் அவர்தான் நிறுத்தினார். மோட்டாரை ஒரு நொடி மட்டும் தட்டிவிட்டு சுத்துற திசையைப் பார்த்தார். த்ரீ ஃபேஸ்ல ரெண்டு வயர் மாறியிருந்தா ஸ்க்ரூ தலைகீழா சுத்தும், எண்ணெய் போகாம நிமிஷத்துக்குள்ள மெஷின் காலி. லாரியில ஆடாம இருக்கப் போட்ட டிரான்ஸ்போர்ட் போல்ட்டைக் கழட்டினதும் அவர்தான். சேஃப்டி வால்வுக்கும் டேங்க்குக்கும் நடுவுல ஒரு ஷட்-ஆஃப் வால்வு போடலாமான்னு ஒருத்தர் கேட்டதுக்கு அவர் சொன்ன பதிலை இங்க எழுத முடியாது. அந்த வால்வை யாராவது மூடினா சேஃப்டி வால்வு வெறும் அலங்காரம், அவ்வளவுதான். அவருக்கு டிப்ளமோ கூட இல்ல. நாம படிச்ச சிலபஸ்ல இது எதுவுமே இல்ல.

சட்டம் இருக்கேன்னு கேட்பீங்க. 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் 31ஆம் பிரிவு, அழுத்தத்துல ஓடுற எந்த இயந்திரமும் பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாம பார்த்துக்கணும்னு சொல்லுச்சு. பெரிய ஆலைகளுக்கு இன்ஸ்பெக்டர் வருவார், டேங்க்குக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பார். டயர் கடைக்கு வர மாட்டார். திரேஸ்புரம் படகுக்கு நிச்சயமா வர மாட்டார். செலவு மிச்சம்னு பிவிசி பைப்ல காத்து லைன் இழுக்கிற பட்டறைக்கும் வர மாட்டார். வெயில்ல காய்ஞ்ச பிவிசி, காத்து அழுத்தத்துல கண்ணாடி மாதிரி சிதறும். தண்ணி லைன்னா உடைஞ்சா ஒழுகும், காத்து லைன்னா துண்டு துண்டாப் பறக்கும். ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு ஏன் தண்ணி ஊத்துறாங்கன்னு இப்போ புரியுதா?

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு கோரிக்கை. தெர்மல் லேப்ல ஒரு எக்ஸ்பரிமென்ட்டை எடுத்துட்டு, கம்ப்ரசரை வாங்கி, தூக்கி, வச்சு, முதல் தடவை ஓட்டுறதைச் சேருங்க. லேப் டேங்க்கோட நேம்பிளேட் மேல அடிச்ச பெயின்ட்டையும் சுரண்டுங்க. அதோட வொர்க்கிங் பிரஷர் என்னன்னு படிக்கவே முடியல.

ஜூனியர்ஸ், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடுறீங்களா? படகுக் கம்ப்ரசர் இன்லெட் பக்கத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு சென்சார், 5 பிபிஎம் தாண்டினா அலறுற ஒரு பஸ்ஸர். உப்புக் காத்துல ஒரு சீசன் தாங்கணும், எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கணும், படகுக்காரர் வாங்குற விலையில இருக்கணும். இந்த மூணும் சேர்ந்தா ஐஓடி அட்டென்டன்ஸ் சிஸ்டத்தை விடக் கஷ்டமான ப்ராஜெக்ட். திரேஸ்புரம் போகும்போது பிபிடி வேண்டாம், ஒரு டேப்பும் நோட்டும் போதும். சைலன்சர்ல இருந்து இன்லெட் எத்தனை அடின்னு முதல்ல அளந்துட்டு வாங்க.