கொக்ரேனும் காட்டுப்பள்ளியும்

ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரையடுத்த ஒரு நிலத்தின் பெயரே கொக்ரேன் என்னும் குடிப்பெயராயிற்று. 13ஆம் நூற்றாண்டு ஆவணமொன்றில் அது ‘கோவரன்’ என்றே காணப்படுகிறது. இன்றைய வடிவத்தைப் பிரித்து ‘வீரன்’ எனப் பொருள் காண்பது, நம் தலபுராணங்களின் சொல்லாராய்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

அக்குடியிற் பிறந்த பேசில் கொக்ரேன், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் பெரும்பொருள் ஈட்டியவர். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அவர் வெட்டுவித்த கால்வாய், பின்பு பழவேற்காடு ஏரி வரை நீண்டு, அவர் பெயராலேயே வழங்கியது. தாது வருடப் பஞ்சத்தில் வயிற்றுக்காக மண் சுமந்தோர் அதனை மேலும் நீட்டினர். 1878இல் அதற்குச் சூட்டப்பட்டதோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. கொருக்குப்பேட்டையில் கொக்ரேன் பேசின் சாலை மட்டும் எஞ்சியிருக்கிறது (பேசின் என்பது படகுத்துறை, அவர் பெயரான பேசில் அன்று).

அக்கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேடே காட்டுப்பள்ளி. இன்று அச்சொல்லைக் கேட்டதும் பலர் நினைப்பது, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த துறைமுகத்தையே. அத்துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த மீனவக் குப்பத்தை அன்று. ஊர்ப்பெயர் குடிக்குச் செல்வது இயல்பு. குடியைப் பெயர்த்தபின் அதன் பெயரையும் துறைமுகத்துக்கே எடுத்துக்கொள்வதை நம்மால் ஏற்க இயலவில்லை. வேறு பெயரா கிடைக்கவில்லை?