நாலு மணிக்குள் வீடு திரும்பணும்!

"இங்கிலாந்துக்கா? டிசம்பரிலா? வெயில் காலத்தில் போனால் நாலு இடம் பார்த்துட்டு வரலாம். இருட்டிலே போய் என்னத்தைப் பார்க்கப் போறே?" என்று கேட்டார் என் அண்ணி. நியாயமான கேள்விதான். ஆனால் பேரன் பேத்திகள் சீசன் பார்த்தா பிறக்கிறார்கள்? என் பெண்ணுக்கு நவம்பர் முதல் வாரத்தில் பிரசவம். எனக்கு விசா கைக்கு வந்து விமானம் ஏறுவதற்குள் பேத்திக்கு ஒரு மாதம் முடிந்துவிட்டது.

பெண் இருப்பது ரெடிங் என்ற ஊரில். லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலு. நம் ஊரில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடுகிற நேரம். அங்கே கும்மிருட்டு! டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். மாலை நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். முழுசாக எட்டு மணி நேரம்கூடப் பகல் கிடையாது. அதிலும் பாதி நாள் மேகமூட்டம்.

சினிமாவில் பார்த்த மாதிரி எங்கே பார்த்தாலும் பஞ்சுப்பொதியாகப் பனி கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். நான் இருந்தவரை ஒரு நாள் கூடக் கொட்டவில்லை. தென் இங்கிலாந்தில் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் நசநசவென்று மழைத் தூறலும் ஈரக்காற்றும்தான்.

போன மறுநாளே என் கைவரிசையைக் காட்டினேன். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டேன். அவ்வளவுதான், கூரையில் இருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்துவிட்டது! மாப்பிள்ளை ஓடி வந்து நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினார். "பரவாயில்லை அத்தை" என்றார் பாவம். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குப் புகை ஆகாது என்று நம் ஊர் டாக்டர்களே சொல்கிறார்கள். கேட்கிற காது நமக்கு எங்கே இருக்கிறது?

இந்தக் கூத்தை எல்லாம் பார்த்தும் என் பெண் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. வாயாடிப் பெண் அவள். இப்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். குழந்தைக்குப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், மறுபடி சோபாவில் உட்கார்ந்துகொள்வாள். ஜன்னல் திரை நாள் முழுவதும் மூடியே கிடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு டாக்டரைப் பார்க்கப் போனதைத் தவிர வாசல்படி தாண்டவில்லையாம். மாப்பிள்ளைக்கு லீவு இரண்டே வாரம்தான். அது முடிந்ததும் பகல் பூராவும் இவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

அந்த ஊரில் ஹெல்த் விசிட்டர் என்று ஒரு நர்ஸ் பிரசவித்த பெண்களை வீடு தேடி வந்து பார்ப்பார். நான் இருக்கும்போதும் வந்தார். என்னைக் கொஞ்சம் திருத்தினார் என்றே சொல்லவேண்டும். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறபோது குழந்தைக்கு நான் போட்டிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றச் சொன்னார். குழந்தை தூங்குகிற அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும், அதிகமாகச் சூடேறுவதும் ஆபத்து என்றார். "காலை வெயிலில் காட்டட்டுமா?" என்று கேட்டேன். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அங்கே அடிக்கும் வெயிலில் உடம்பால் வைட்டமின் டி தயாரிக்க முடியாதாம். அதனால் குளிர்காலத்தில் பெரியவர்கள் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மைப் போல நிறமுள்ளவர்கள் வருஷம் முழுவதும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். கோடையில் போகிறவர்களுக்கும் இது உபயோகப்படும், குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது என் பெண்ணிடம், "பகல் வெளிச்சம் இருக்கும்போது தினம் கொஞ்ச நேரம் வெளியே போய் வா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது நாள் முடியவில்லை. காதில் பஞ்சு வைத்துப் பத்தியம் போடுகிற நேரத்தில் குளிரில் நடக்கச் சொல்கிறாரே! ஆனால் அந்த மூடிய திரையைப் பார்த்தேன். சரி, என் பிடிவாதத்தைக் கொஞ்சம் விட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

"எனக்காகப் போகலாம்" என்றால் வரமாட்டாள். அதனால், "இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கேன், ஊரைச் சுத்திக் காட்ட மாட்டியா?" என்று குறைப்பட்டுக்கொண்டேன். அம்மா கேட்டால் மறுக்க முடியுமா?

முதல் நாள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஃபோர்பரி தோட்டம். நடுவில் பிரம்மாண்டமான இரும்புச் சிங்கம். 1880-ல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாண்ட் போரில் இறந்த சிப்பாய்களின் நினைவாக வைத்தது. பக்கத்திலேயே முதலாம் ஹென்றி மன்னரை அடக்கம் செய்த பழைய மடத்தின் இடிபாடுகள். இருபது நிமிஷம் சுற்றினோம். குழந்தை தள்ளுவண்டியில் சுகமாகத் தூங்கியது. பெண், "போதும்மா" என்றாள். திரும்பிவிட்டோம்.

உடை விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, மெல்லியதாக மூன்று நான்கு அடுக்குப் போட்டுக்கொள்வதுதான் குளிரைத் தாங்கும். நான் பிடிவாதமாகப் புடவையில் போனேன். தெருவின் ஈரம் எல்லாம் கொசுவத்தில் ஏறி முழங்கால் வரை ஜில்லென்று ஒட்டிக்கொண்டது! மறுநாளே பெண்ணின் சல்வாருக்குள் புகுந்துவிட்டேன். காலுக்கு வழுக்காத ஷூ அவசியம். காலை நேரத்தில் நடைபாதையில் கண்ணுக்கே தெரியாமல் உறைபனி படிந்திருக்கும். காரில் குழந்தையை சீட்டில் கட்டும்போது மட்டும் தடித்த கோட்டைக் கழற்றிவிட வேண்டும். கோட்டோடு கட்டினால் பெல்ட் உடம்போடு இறுக்கமாகப் பிடிக்காது. கட்டிவிட்டு மேலே போர்வை போர்த்தலாம்.

அடுத்த வாரம் க்யூ தோட்டம் போனோம். ரெடிங்கிலிருந்து ரிச்மண்டுக்கு நேரே ரயில். அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். குளிர்காலத்தில் தோட்டத்தில் என்ன இருக்கும் என்கிறீர்களா? மொட்டை மரங்கள்தான். ஆனால் நடுவே பாம் ஹவுஸ் என்று இரும்பும் கண்ணாடியுமாக ஒரு மாளிகை இருக்கிறது. 1844-ல் ஆரம்பித்து 1848-ல் கட்டி முடித்தது. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால்... வாழை! தென்னை! பப்பாளி! ஈர மண் வாசனையும் புழுக்கமுமாக, மழை விட்ட மறுநிமிஷம் கும்பகோணத்துக் கொல்லையில் நிற்பது போல இருந்தது. கொக்கோ மரத்தையும் ரப்பர் மரத்தையும் பார்த்தேன். அதையெல்லாம் விடுங்கள், வாழை இலையைத் தொட்டுப் பார்த்தேனே, அதுதான் பெரிசு.

பெண் கோட்டைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் முந்தானை இல்லையே என்று தவித்து, சால்வையைப் போர்த்தப் போனேன். "வேண்டாம்மா, இங்கே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். பொது இடத்தில் பால் கொடுக்கிற தாயை எழுந்து போகச் சொன்னால் அது சட்டவிரோதமான பாகுபாடாம். 2010-ல் வந்த சமத்துவச் சட்டம். நல்ல சட்டம்!

கொஞ்ச நேரம் கழித்து, வாழை மரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா, அந்த நர்ஸ் பத்துக் கேள்வி இருக்கிற ஒரு தாள் கொடுத்தாங்க. எல்லாத்துக்கும் பொய்யா எழுதிக் கொடுத்துட்டேன்."

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பிரசவித்த பெண்களின் மனநிலையைத் தெரிந்துகொள்ள 1987-லிருந்து உள்ள கேள்வித்தாள் அது. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். "ஏண்டி பொய் எழுதினே?" என்றேன். "நல்ல அம்மா இல்லேன்னு நினைச்சுப்பாங்களோன்னு பயம்" என்றாள்.

"இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், போகப் போகச் சரியாயிடும்" என்று வாய் வரை வந்துவிட்டது. நாம் வழக்கமாகச் சொல்வது அதுதானே! நல்ல வேளையாக விழுங்கிக்கொண்டேன். அந்த நாட்டில் பத்துப் பெண்களில் ஒருத்திக்கும் மேலே பிள்ளை பெற்ற ஒரு வருஷத்துக்குள் இந்த மனச்சோர்வு வருகிறது. முதல் வாரம் அழுதுவிட்டு இரண்டு வாரத்தில் தெளிகிற சோர்வு வேறு, இது வேறு. "நாளைக்கே ஃபோன் பண்ணி உள்ளதைச் சொல்லு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். மறுநாள் பேசினாள். நர்ஸ் திரும்ப வந்தார். குடும்ப டாக்டரும் பார்த்தார். வாரம் ஒரு முறை ஒருவரிடம் பேசுகிற சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. ஊர் சுற்றியதால் குணமாயிற்று என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். ஊர் சுற்றியதால் வாய் திறந்தாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு நாள் லீவு போட்டு பாத் நகருக்கு அழைத்துப் போனார். ரயிலில் ஒரு மணி நேரம். ரோமானியர்கள் வெந்நீர் ஊற்றைச் சுற்றிக் கட்டிய குளியல் மண்டபங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில்தான் அதைப் பார்க்கவேண்டும் என்பேன். பச்சைத் தண்ணீரிலிருந்து புகை புகையாக ஆவி எழும்பித் தூண்களை மறைக்கிற அழகு வெயில் காலத்தில் இவ்வளவு வராது. பூமிக்குள்ளிருந்து 46 டிகிரி சூட்டில் நாளுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர் தானாகப் பொங்கி வருகிறதாம். நம் வீட்டு கீசரை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். குளிக்கத்தான் அனுமதி இல்லை. அந்தத் தண்ணீரில் இருந்த அமீபா கிருமியால் ஒரு சிறுமி மூளைக்காய்ச்சல் வந்து 1978-ல் இறந்துபோனாள்; அன்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அங்கே மியூசியத்தில் சின்னச் சின்ன ஈயத் தகடுகள் வைத்திருக்கிறார்கள், சாபத் தகடுகள். மொத்தம் 130 அளவுக்குக் கிடைத்திருக்கின்றன. குளிக்கப் போனபோது மேலங்கியையும் காசையும் களவு கொடுத்தவர்கள், எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அவன் தூக்கம் கெடட்டும், உடம்பு கெடட்டும் என்று சூலிஸ் மினர்வா என்ற தேவிக்கு எழுதி, தகட்டைச் சுருட்டி ஊற்றில் போட்டிருக்கிறார்கள். பெண் அதைப் படித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று, "அம்மா! ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல மிளகாய் அரைச்சுப் பூசுவாங்களே, அதேதாம்மா இது!" என்று கத்தினாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்.

கிறிஸ்துமஸ் அன்று லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் கல்லூரித் தோழி வீட்டுக்கு வருவதாகச் சொல்லி, கைமுறுக்கு எல்லாம் சுற்றி வைத்துவிட்டேன். ஃபோனில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எதிலேடி வருவே? இன்னிக்கு ரயிலும் கிடையாது, லண்டன்ல பஸ்ஸும் கிடையாது!" டிசம்பர் 25 அன்று நாடே கதவைச் சாத்திக்கொள்கிறது. போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த மின்ஸ் பையைச் சாப்பிட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தோம். பெயரைப் பார்த்துக் கொத்துக்கறி என்று பயப்பட வேண்டாம், உள்ளே உலர்ந்த திராட்சையும் பழமும்தான். ஆனால் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள். சைவக்காரர்கள் அட்டையைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

தோழியை ஜனவரியில்தான் பார்த்தேன். ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காய், மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கிறது. பக்கத்து மேனர் பார்க்கில் முருகன் கோயிலில் பேத்தியைச் சந்நிதி முன்னால் கிடத்தி எடுத்தோம்.

நான் ஊருக்குத் திரும்பின பிறகு பிப்ரவரி நடுவில் ஒரு நாள் பெண்ணிடமிருந்து ஃபோன். பின்னால் ரயில் சத்தம். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தனியாகவே க்யூ தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறாளாம்.

"உங்க வாழை மரம் குலை தள்ளியிருக்கும்மா" என்றாள். பிறகு, "மணி அஞ்சு ஆச்சு. இன்னும் வெளிச்சம் இருக்கு" என்றாள்.