அயல்வீட்டுக் குளிசை

சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுது, எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். இன்று அவர் இரு பிள்ளைகளுக்குத் தந்தை. மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் நெடுநேரம் பேசியபின், விடைபெற்றுச் செல்லும் வேளையிலே, படலையடியில் நின்றவாறு தாம் வந்த காரியத்தைச் சொன்னார்.

அவருடைய மனைவியார் சில மாதங்களாகக் கருத்தடைக் குளிசை உட்கொண்டு வந்தார். வைத்தியரிடமோ, பிள்ளையின் நிறை பார்க்கும் குடும்பநல மாதுவிடமோ கேட்க நாணி, அயல்வீட்டு அம்மையாரிடமிருந்து அட்டைகளைப் பெற்றுக்கொண்டார். அவருக்கு இடையிடையே கண்முன் ஒளிக்கீற்றுக்கள் வளைந்து வளைந்து தோன்றும். அதன்பின் ஒருபக்கத் தலையைப் பிளக்கும் வலி வரும். கண்பார்வைக் குறையென்றெண்ணி மூக்குக்கண்ணாடியும் வாங்கினர். வலி நிற்கவில்லை. "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று வைத்தியர் வினவியபோது இருவரும் "இல்லை" என்றே கூறிவிட்டனர்.

"சொல்லாமல் விட்டது பிழையோ, சேர்?" என்று கேட்டார் நண்பர்.

பிழைதான் என்றோம், மறுநாளே சென்று உண்மையைக் கூறுமாறும் சொன்னோம். சென்றனர். வைத்தியர் அக்குளிசையை உடனே நிறுத்தி, வேறொரு முறையை வகுத்துக் கொடுத்தார். தீங்கேதும் நேரவில்லை. ஆயினும் அது நல்லூழேயன்றி அவர்தம் விவேகமன்று. இத்தகைய நாணம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டாதலின், இவ்வாரம் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

கருத்தடைக் குளிசை 1960 ஆம் ஆண்டிலே, 'எனோவிட்' என்னும் பெயருடன், அமெரிக்காவில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. அந்நாளைய குளிசையொன்றில் ஈஸ்திரோஜன் வகைப் பொருள் 150 மைக்கிரோகிராம் அளவில் இருந்தது. இன்று பெரிதும் வழங்கும் குளிசையில் 30 மைக்கிரோகிராமே உண்டு. அளவு குறையக் குறைய ஆபத்தும் குறைந்தது. எனினும் முற்றாக அகலவில்லை. குருதிக் குழாய்களில் குருதி உறையும் இயல்பை ஈஸ்திரோஜன் சற்றே மிகுவிக்கும். குளிசை உட்கொள்ளாத பெண்கள் பதினாயிரவரில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்கு இவ்வுறைவு ஏற்படுமாயின், லெவோனோர்ஜெஸ்திரல் சேர்ந்த குளிசையை உட்கொள்வோரில் 5 முதல் 7 பேருக்கு ஏற்படும். கர்ப்பகாலத்திலும் மகப்பேற்றை அடுத்த வாரங்களிலும் ஏற்படும் ஆபத்து இதனினும் பெரிது. ஆகவே பெரும்பாலான பெண்களுக்கு இக்குளிசை பாதுகாப்பானதே. அந்தச் சிலருள் யார் இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல்தான் வைத்தியரின் பணி. அயல்வீட்டு அம்மையார் அதனைக் கேட்கமாட்டார்; கேட்கவும் அறியார்.

அக்கேள்விகள் யாவை? குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேற்பட்டதா? வயது 35 ஐக் கடந்தும் புகைபிடிக்கும் வழக்கம் உண்டா? கண்முன் ஒளி தோன்றிப் பின்வரும் ஒற்றைத் தலைவலி உண்டா? முன்னர் எப்போதேனும் காலிலோ நுரையீரலிலோ குருதி உறைந்ததா? இருதய நோய், பாரிசவாதம், மார்புப் புற்றுநோய், கடும் ஈரல்நோய் இருந்தனவா? இவற்றுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என்பது விடையாயின், ஈஸ்திரோஜன் கலந்த குளிசை அவருக்கு ஏற்றதன்று. பிள்ளை பிறந்து ஆறு மாதம் நிரம்பாத, பாலூட்டும் தாய்மாருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கென ஈஸ்திரோஜன் இல்லாத குளிசை வேறுண்டு. காசநோய்க்கு வழங்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்கு வழங்கும் சில மருந்துகளும் குளிசையின் பயனைக் குறைத்துவிடும். ஆதலின் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

இனி, உட்கொள்ளும் முறை. மாதவிலக்குத் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் முதற் குளிசையை எடுப்பின் அன்றே பாதுகாப்புக் கிட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒன்று எடுத்தல் நன்று. 28 குளிசை கொண்ட அட்டையில் 21 இல் ஓமோன் உண்டு. நிறத்தால் வேறுபட்ட எஞ்சிய 7 இலும் அஃதில்லை, பெரும்பாலும் இரும்புச்சத்தே உண்டு. ஓமோன் குளிசையொன்று தவறினால், நினைவு வந்தவுடன் அதனை எடுத்து, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேரினும் தீங்கில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறின், ஒன்றை உடனே எடுத்துத் தொடர்வதோடு, ஏழு நாட்கள் ஆணுறையைப் பயன்படுத்தல் அல்லது உறவைத் தவிர்த்தல் வேண்டும். அத்தவறு மூன்றாம் வாரத்தில் நேரின், இரும்புக் குளிசைகளை விடுத்துப் புதிய அட்டையைத் தொடங்குக. முதல் வாரத்தில் நேர்ந்து, அந்நாட்களில் உறவும் நிகழ்ந்திருப்பின், தாமதியாது வைத்தியரை நாடுக.

தொடக்க மாதங்களில் குமட்டல், சிறு குருதிக் கசிவு, மார்பு நோவு ஆகியன தோன்றலாம். இவை பெரும்பாலும் மூன்று மாதங்களில் அடங்கும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கடுந் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கடும் வயிற்றுவலி என்பவற்றுள் ஒன்று வரினும் குளிசையை நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

மற்றொன்றையும் ஈண்டுச் சொல்லியாதல் வேண்டும். கோயில் திருவிழாவுக்காகவும் திருமணத்துக்காகவும் மாதவிலக்கைப் பின்தள்ள நம் பெண்கள் உட்கொள்ளும் நோரெதிஸ்திரோன் குளிசை கருத்தடைக் குளிசையன்று. அதை உட்கொள்ளும் நாட்களிற் கருத்தரிக்காது என நம்புதல் பெருந் தவறு. அதனையும் வைத்தியரைக் கேளாது வாங்கலாகாது.

1970 ஆம் ஆண்டிலே, குளிசையின் ஆபத்துக்கள் பற்றி அமெரிக்க செனற் சபையில் விசாரணை நடைபெற்றது. வைத்தியர்கள் சாட்சியளித்தனர், குளிசை உட்கொண்ட பெண்களில் ஒருவரேனும் அழைக்கப்படவில்லை. பார்வையாளரிடையே இருந்த பெண்கள் எழுந்து, "எங்களை ஏன் கேட்கவில்லை? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?" என்னும் கருத்துப்பட வினவினர். அவ்வாண்டிலேயே, ஆபத்துக்களை எடுத்துரைக்கும் துண்டுப்பிரசுரம் குளிசையுடன் வைக்கப்படல் வேண்டுமென அந்நாட்டில் விதி பிறந்தது. இன்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தச் சிறு தாள், நாணத்தை விடுத்துக் கேட்ட பெண்கள் ஈட்டித் தந்தது. அயல்வீட்டிலிருந்து பெற்ற அட்டையோடு அத்தாள் வருவதில்லை.

நமது நாட்டில் அரசாங்கக் குடும்பநலக் கிளினிக்குகளில் இக்குளிசை இலவசமாகவே கிடைக்கின்றது. குருதியமுக்கத்தையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். கணவரும் உடன் செல்வது சாலச் சிறந்தது. இருவரின் வாழ்வுக்காக ஒருவர் உட்கொள்ளும் மருந்தன்றோ அது? திருமண வயதை நெருங்கும் மாணவ மாணவியரும் இவற்றை அறிந்து வைத்திருத்தல் இழுக்கன்று. அறியாமல் இல்லறம் புகுவதே இழுக்கு.

எமது நண்பரின் மனைவியார் அந்த மூக்குக்கண்ணாடியை மேசை இலாச்சியில் வைத்துவிட்டாராம். நாணம் நல்ல அணிகலன்தான். வைத்தியரின் வாயிலிலே அதனைக் கழற்றி வைத்துவிட்டு உட்செல்வோமாக.